விடிவதற்குள் வந்தாக வேண்டுமா?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் புறத்திண்ணையில், சுபுஹுத் தொழுகைக்குப் பின்னர் ஐந்தாறு பேர் அமர்ந்து ஊர்ச் செய்தி பேசுவது வழக்கம். சென்ற மார்கழிக் குளிரில் ஒரு நாள் அங்கே ஒரு செய்தி வந்து சேர்ந்தது. ஆரணியிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு தெற்கே போன லாரி ஒன்று, பெரம்பலூரை நெருங்கும் வேளையில், நெடுஞ்சாலையோரம் நின்றிருந்த மற்றொரு லாரியின் பின்புறத்தில் மோதிவிட்டது. ஓட்டிச் சென்றவர் உயிர் பிழைத்தார். ஆனால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார்.

"தூங்கிட்டானாம்" என்றார் ஒருவர்.

"நஸீப்" என்றார் மற்றொருவர்.

அவ்வளவுதான். பேச்சு அரிசி விலைக்குத் திரும்பிவிட்டது.

அந்த இரண்டு சொற்களையும் எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன். முதற்சொல் குற்றத்தை ஓட்டியவன் தலைமீது ஏற்றுகிறது. இரண்டாஞ்சொல் எஞ்சிய பொறுப்பையெல்லாம் இறைவன்மீது ஏற்றிவிடுகிறது. இடையில் இருக்கின்ற நாம், சரக்கை அனுப்பியவரும், வாங்கியவரும், விலை பேசியவரும், உண்டவரும், உடுத்தவரும், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போகின்றோம். இது நீதியா?

காலை இழந்தவன் என் மாணவன். மதரஸாவில் ஏழாண்டுகள் என்னிடம் ஓதியவன். அவனைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றேன். நான் கேட்காமலே அவன் சொன்னான்: "ஹஜ்ரத், நான் தூங்கலே. கண்ணைத் தொறந்துக்கிட்டுதான் இருந்தேன். ரோடு மட்டும் காணாமப் போயிடுச்சு."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய அந்த நாளை நான் மணிக்கணக்காகக் கேட்டறிந்தேன். முதல் நாள் விடியற்காலை 4 மணிக்கு, பெங்களூரில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் ஓசூருக்கு அருகே வண்டியில் கண்விழித்திருக்கிறான். காலை 10 மணிக்கு ஆரணி. 11 மணிக்கு ஆலை வாசலில் வரிசையில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். வண்டி நகர நகர அவனும் நகர்ந்தாக வேண்டும். ஆகவே வீட்டுக்குப் போகவும் முடியாது, படுக்கவும் முடியாது. இரவு 8 மணிக்குத்தான் மூட்டை ஏற்றி முடிந்தது. தார்ப்பாய் கட்டி, பில் வாங்கி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சோறு உண்டு, 9.30 மணிக்குப் புறப்பட்டிருக்கிறான். திருவண்ணாமலை, செஞ்சி, விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை. மோதிய நேரம் பின்னிரவு 3.30. ஆக, இருபத்து மூன்றரை மணி நேரம் அவன் படுக்கையில் முதுகை வைக்கவில்லை. ஏறத்தாழ 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில், காலையில் கடை திறக்கும்போது சரக்கு வாசலில் நிற்க வேண்டும். தாமதமானால் வாடகையில் பிடித்தம் உண்டு என்பது பேச்சு. பேசியவர்கள் இருவரும் அந்த இரவில் தத்தம் வீட்டில் நன்றாக உறங்கினார்கள்.

இன்னும் ஒன்று கேளுங்கள். சாலையோரம் நின்றிருந்த அந்த மற்றொரு லாரி எதற்காக நின்றது? அதை ஓட்டி வந்தவரும் உறக்கம் தாளாமல் ஓரம் கட்டிப் படுத்தவர்தாம். உறக்கத்தைத் தடுத்துக்கொண்டவன், தடுக்கமாட்டாமல் உறங்கியவன்மீது போய் மோதியிருக்கிறான். இருவரையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரே கட்டளை: "விடிவதற்குள் வந்தாக வேண்டும்."

நம் ஊரின் வாழ்வையே எண்ணிப் பாருங்கள். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இவ்வூரைப் பட்டுச்சேலைக்காக உலகம் அறியும். அரிசிக்காகத் தமிழகம் அறியும். தறிக்கு வேண்டிய பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்த சேலை கட்டுக் கட்டாகப் பார்சல் லாரியில் ஏறிப் போகிறது. ஆரணியிலும் களம்பூரிலும் அரைத்த அரிசி சிப்பம் சிப்பமாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் தெற்கேயும் போகிறது. சென்னை மாநகருக்குள் கனத்த சரக்கு வண்டிகள் பகலில் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. நேரக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பகலெல்லாம் இவ்வூர் நெய்வதும் அரைப்பதும், இஷாவுக்குப் பின்னர்தான் ஊரைவிட்டுப் புறப்படுகின்றன. தறிக்காரர் விளக்கை அணைத்தபின், ஆலைக்காரர் கணக்கை மூடியபின், ஓட்டுநரின் பொழுது தொடங்குகிறது. நம் ஊரின் செல்வம் அனைத்தும் இரவுதோறும் சில நூறு மனிதர்களின் இரு கண் இமைகளின்மீது ஏறிப் பயணம் போகிறது.

அந்த இமைகளைப் பற்றி அறிவியல் என்ன சொல்கிறது? 1997-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்னும் இரு ஆய்வாளர்கள், விழித்திருக்கும் மனிதரையும் மது அருந்திய மனிதரையும் ஒரே சோதனையில் வைத்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கண்ணும் கையும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவருடையதைப் போலத் தடுமாறின. 24 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம் 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாயிற்று. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம் மதுவைத் தாண்டினாலே, அதாவது 0.03 விழுக்காட்டிலேயே, ஓட்டுநரைக் குற்றவாளி என்கிறது. அப்படியானால் பெரம்பலூர்ச் சாலையில் 3.30 மணிக்கு என் மாணவன் இருந்த நிலை யாது? சட்டம் தண்டிக்கும் அளவைப்போல் மும்மடங்கு குடித்தவனின் நிலை. ஒரு சொட்டும் குடிக்காதவன் அவன்!

அன்பர்களே, இங்கேதான் நம் மனச்சான்றைத் தொட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். குடித்துவிட்டு வந்த ஒருவரிடம் நம்மில் எந்த வணிகராவது வண்டியை ஒப்படைப்பாரா? "ஹராமானதைத் தொட்டவன் என் சரக்கைத் தொடலாகாது" என்று விரட்டிவிடுவார். விரட்டியதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். அதே வணிகர், அதே தடுமாற்றத்தை உறக்கமின்மை வழியாக உண்டாக்கி, அதற்கு ஒரு நேரமும் குறித்து, அந்த நேரத்துக்குள் வரவில்லையென்றால் கூலியையும் பிடித்துக்கொள்கிறார். குடியில் நாம் அஞ்சுவது குப்பியையா, மதி மயங்குவதையா? மதி மயங்குவதைத்தான் என்றால், மயக்கம் எந்த வாசல் வழியாக வந்தாலும் அஞ்ச வேண்டாமா?

உறக்கமும் மதுவும் ஒன்று என நான் சொல்லவில்லை. உறக்கம் இறைவன் தந்த அருட்கொடை; மது விலக்கப்பட்டது. உறங்குவது பாவமன்று, உறங்கவிடாமல் செய்வதே பாவம். ஆயினும், உறக்கம் மேலிட்டவரின் நிலை எத்தகையது என்பதை நம் மார்க்கம் அறியாமல் விடவில்லை. தொழுகையில் நிற்கும்போது ஒருவருக்கு உறக்கம் மேலிடுமானால், அது தீரும்வரை அவர் படுத்துக்கொள்ளட்டும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களும் பதிந்து வைத்துள்ளன. உறக்கக் கலக்கத்தில் பிழைபொறுக்க வேண்டுபவர் தம்மையே ஏசிக்கொண்டுவிடக் கூடும் என்பது அங்கே காட்டப்பட்ட காரணம். இறைவனுக்கு முன்னால் நிற்கும் தொழுகையையே சற்று நிறுத்திவைத்து உறங்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், பத்து டன் அரிசியைக் கையில் கொடுத்து, "கண்ணைக் கழுவிக்கிட்டு ஓட்டு" என்கிறோம். தொழுகையில் நா தவறினால் ஒரு சொல் தவறும். சாலையில் கை தவறினால் எத்தனை உயிர்! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, மூன்றே விநாடி இமை மூடினால் 50 மீட்டர் தூரம் ஓட்டுவோரின்றி ஓடிவிடுகிறது. அந்த 50 மீட்டருக்குள் யார் வீட்டுப் பிள்ளை சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இதைத் திண்ணையில் சொன்னபோது எனக்கு நான்கு மறுப்புகள் வந்தன. நான்கும் நல்லவர்களிடமிருந்து வந்தவை. ஆகவே நான்கிற்கும் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதல் மறுப்பு: "எல்லாம் நஸீப்." இதைச் சொன்னவருக்குக் கைபரிலிருந்து திரும்பிய பயணத்தை நினைவூட்டினேன். பெருமானாரும் (ஸல்) தோழர்களும் இரவெல்லாம் பயணம் செய்து, பின்னிரவில் களைத்து இறங்கினார்கள். விழித்திருந்து காவல் காக்கும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் தரப்பட்டது. அவர்கள் தம்மால் இயன்றவரை தொழுதார்கள்; விடியல் நெருங்கியதும் கிழக்கை நோக்கியவாறு தம் ஒட்டகத்தின்மீது சாய்ந்தார்கள்; உறக்கம் அவர்களையும் வென்றுவிட்டது. வெயில் முகத்தில் பட்டபின்தான் அனைவரும் எழுந்தார்கள். பெருமானார் (ஸல்) வினவியபோது, தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்ற கருத்தில் பிலால் (ரலி) விடை கூறினார்கள். அவர்கள்மீது கடிந்துரை ஏதும் விழவில்லை. தொழுகை அழைப்புக்காகவே வாழ்ந்த பிலால் (ரலி) அவர்களால், அந்தத் தொழுகை நேரத்திலேயே தாங்க முடியாத உறக்கத்தை, மாதச் சம்பளமோ நடைப் பேட்டாவோ வாங்கும் நம் ஊர்ப் பிள்ளை தாங்கியாக வேண்டும் என்று நாம் நேரம் குறிக்கிறோம். உறக்கம் வருவது விதி; ஒப்புக்கொள்கிறேன். உறங்க நேரம் தராமல் அனுப்பியது யாருடைய விதி? அது பில் புத்தகத்தின் ஓரத்தில் நம் கையால் எழுதிய விதி.

இரண்டாவது மறுப்பு: "இரவில் பயணம் செய்யுமாறு நபிமொழியே இருக்கிறதே!" இருக்கிறது. இரவில் நிலம் சுருட்டப்படுகிறது என்ற கருத்துடைய அறிவிப்பு அபூதாவூதில் உள்ளது. ஆனால் அந்தப் பயணிக்குக் கீழே இருந்தது ஒட்டகம். ஓர் இரவுப் பயணத்தில் பெருமானார் (ஸல்) அவர்களே வாகனத்தின்மீது கண்ணயர்ந்து சாய, அபூ கதாதா (ரலி) அவர்கள் பக்கத்தில் வந்து, எழுப்பாமலே தாங்கிப் பிடித்த நிகழ்ச்சியை முஸ்லிம் நூலில் காண்கிறோம். மேலே இருப்பவர் கண்ணயர்ந்தாலும் கீழே இருப்பது கண்விழித்து நடந்தது. பக்கத்தில் தாங்குவதற்கு ஒரு தோழரும் இருந்தார். நம் முன்னோர் காலத்தில் ஆரணியிலிருந்து ஆற்காட்டுக்கு மூட்டை ஏற்றிப்போன வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும் மாடுகள் வழி அறிந்து நடக்கும். லாரிக்கு இரண்டு விளக்குகள் உண்டு, கண் இல்லை. பக்கத்து இருக்கையிலும் ஆள் இல்லை. முன்பெல்லாம் கிளீனர் என்று ஒரு பையனாவது பேச்சுத்துணைக்கு இருப்பான். இன்று பல வண்டிகளில் அவனும் இல்லை. மேலும், இரவில் இளைப்பாற இறங்கும்போது சாலையைவிட்டு விலகி இறங்குமாறும் அதே பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியுள்ளார்கள். இரவுப் பயணத்துக்குச் சான்று காட்டுவோர் இந்தச் சான்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். சாலையைவிட்டு விலகி நிறுத்த இடமும், இறங்கி இளைப்பாற நேரமும் கொடுத்த பிறகு, இரவில் போகச் சொல்லுங்கள். நான் தடுக்க வரவில்லை.

மூன்றாவது மறுப்பு: "அவனே ஒப்புக்கொண்டுதானே போனான்? ஓட்டியவனும் அவன்தானே?" இதைச் சொன்னவர் சிறிது ஃபிக்ஹு கற்றவர். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட மஜல்லா என்னும் சட்டநூலை மேற்கோளாகக் காட்டினார். ஒரு செயலை நேரே செய்தவரும் அதற்குக் காரணமாக இருந்தவரும் சேர்ந்திருந்தால், பொறுப்பு நேரே செய்தவரையே சாரும் என்பது அதிலுள்ள விதி. சரிதான். நான் மறுக்கவில்லை. வறுமை என்பது கழுத்தில் வைத்த வாளுமன்று; ஆகவே கட்டாயப்படுத்தப்பட்டவனுக்குரிய சலுகையையும் நான் அவனுக்காகக் கோரவில்லை. ஆனால் அதே மஜல்லாவில் மற்றொரு விதியும் இருக்கிறது. ஒன்றின் ஆதாயம் யாருக்கோ அதன் சுமையும் அவருக்கே என்பது அதன் சாரம். சரக்கு விடிவதற்குள் வந்ததால் முதல் விற்பனை யாருக்கு? பக்கத்துக் கடைக்காரர் கதவு திறக்குமுன் கல்லாவில் விழுந்த பணம் யாருக்கு? ஓட்டியவனுக்கா? அவனுக்குக் கிடைத்தது அதே நடைக்கூலி. ஆதாயம் முழுவதும் நமக்கு. கால் மட்டும் அவனுக்கா போக வேண்டும்? பாதி நூலை ஓதிவிட்டு நூலை மூடுவது கற்றோர்க்கு அழகன்று.

நான்காவது மறுப்பு: "வாடகை கூடும், விலை கூடும்." வணிகர்கள் மனத்தில் இருப்பது இதுதான், மற்ற மூன்றும் இதற்குப் போர்த்திய போர்வைகள். ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாரியில் 25 கிலோ சிப்பம் 400 ஏற்றினால் 10 டன். இரண்டாவது ஓட்டுநர் ஒருவரை அமர்த்தி, அவருக்கு ஓர் இரவுக்கு ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சிப்பத்துக்கு இரண்டரை ரூபாய். ஒரு கிலோவுக்குப் பத்துப் பைசா. ஒரு மனிதனின் காலுக்கு எதிரே தராசில் வைக்கப்பட்டது இந்தப் பத்துப் பைசாதான்! 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான உறையிட்ட அரிசிக்கு வரி வந்தபோது, பல ஆலைகள் உடனே 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கியதை நாம் அறிவோம். ஒரு கிலோவைக் கூட்டி வரியிலிருந்து விலகும் வழியைக் கண்டுபிடித்த அறிவு, பத்துப் பைசாவைக் கூட்டி ஓர் உயிரைக் காக்கும் வழியைக் கண்டுபிடிக்காதா? போட்டி கடுமையாக இருக்கிறது என்பதை அறியாதவனல்லன் நான். ஒருவர் மட்டும் பிந்தினால் அவர் கடை நொடிந்துபோகலாம். அதனாலேயே இதை ஒருவர்க்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்கிறேன்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இளைப்பாறுதல், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே தொடர்ந்து ஒன்பது மணி நேர ஓய்வு என்றெல்லாம் எழுதி வைத்தது. பின்னர் அது 2020-ல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டது. எட்டு மணி என்ற அளவு அங்கும் உண்டு. ஆனால் அந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே எழுதப்பட்டது. ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் உரிமையாளரிடம், பல நேரங்களில் உரிமையாளரே ஓட்டுநராகவும் இருக்கும் வண்டியில், அது எட்டிப் பார்க்கவில்லை. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதித்தார்கள், நல்லதுதான். ஆனால் குளிர்ந்த அறை வெப்பத்தைத் தணிக்கும். உறக்கக் கடனைத் தீர்க்காது. மேலை ஐரோப்பிய நாடுகளில் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும்; ஓட்டிய நேரத்தை வண்டியிலுள்ள கருவியே பதிவு செய்துவிடும். இங்கே ஓட்டிய நேரத்தை எழுதுவோர் இல்லை. பிந்திய நேரத்தை எழுதுவோர்தாம் உண்டு.

புதிய நியாய சன்ஹிதாவில், விபத்தில் உயிர் போனபின் தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று 106-ஆம் பிரிவில் எழுதினார்கள். 2024 ஜனவரியில் வடநாட்டில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடிவிடுபவரைத் தண்டிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஓட்டியவனைத் தேடும் கண்கள், நேரம் குறித்தவரை எங்கேயாவது தேடியதுண்டா?

இத்தனைக்கும் அரசாங்கம்கூட இவ்வளவு அவசரப்படவில்லை. பட்டுச்சேலைப் பார்சல் போன்ற வரிக்குரிய சரக்குகளுக்கு எடுக்கப்படும் இ-வே பில்லைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலம் கொடுத்திருக்கிறார்கள். 400 கிலோமீட்டருக்கு இரண்டு நாள்! வரி வாங்கும் அரசு இரண்டு நாள் பொறுக்கிறது. சலாம் சொல்லிக் கைகொடுக்கும் சகோதரர் ஓர் இரவு பொறுக்கவில்லை.

இடையிலே ஒரு பழஞ்செய்தி. சங்க காலத்தில் உப்பு விற்ற உமணர், மாட்டு வண்டியில் மலையும் பள்ளமும் கடந்து நெடுந்தூரம் போனார்கள். வழியில் என்ன நேருமோ என அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டொன்று அதனைச் சேம அச்சு என்று குறிக்கிறது. அந்த முன்னெச்சரிக்கை இன்றும் நம்மிடம் இருக்கிறது. எந்த லாரியையும் பாருங்கள். மாற்றுச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்டெப்னி இல்லாத வண்டியில் சரக்கு ஏற்ற எவரும் துணியமாட்டார். இரும்புக்கும் ரப்பருக்கும் மாற்று வைத்துக்கொண்டோம். தேய்ந்து போகிற மனிதனுக்கு மாற்று வைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டில் நாம் கண்ட முன்னேற்றம் இதுதானா?

வாசக அன்பர்களே, குறை சொல்லிவிட்டுப் போவதற்காக நான் எழுதவில்லை. நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நம் வணிகர்கள் சரக்குச் சீட்டில் "விடிவதற்குள்" என எழுதுவதையும், பிந்தினால் கூலி பிடிப்பதையும் அடியோடு விட வேண்டும். "மறுநாள் மாலைக்குள்" என்று எழுதுங்கள். அரிசி அழுகும் பொருளன்று. பட்டும் வாடும் பூவன்று. ஒரு பகல் பிந்தினால் இரண்டுக்கும் ஒரு கேடும் வராது. ஊரிலுள்ள ஆலைக்காரர்களும் சேலை வணிகர்களும் ஒன்றாக அமர்ந்து இதைச் செய்தால், எவருக்கும் தனியே நட்டமில்லை.

இரண்டாவது, எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட நடைக்கு இரண்டாவது ஓட்டுநர் வேண்டும். அந்தக் கூலியை வண்டிக்காரர் தலையில் கட்டாமல் சரக்குக்காரர் தர வேண்டும். பத்துப் பைசா கணக்கை மேலே காட்டியிருக்கிறேன்.

மூன்றாவது, மூட்டை ஏற்றும் வரிசையில் ஓட்டுநரின் பகல் வீணாவதைத் தடுக்க வேண்டும். ஆலைக்கு ஆலை ஓர் அறை, ஒரு பாய், ஒரு மின்விசிறி, குளிக்கத் தண்ணீர். வரிசையில் வண்டியை நகர்த்த ஆலையில் ஓர் ஆள். இரவில் ஓட்டப்போகிறவர் பகலில் உறங்கியாக வேண்டும் என்ற எளிய உண்மையை ஆலைச் சுவர்களுக்குள் கொண்டுவர இவ்வளவு போதும். நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிவாசல்களின் ஜமாஅத்தாரும் எண்ணிப் பார்க்கட்டும். வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும் கிணறும் அமைத்து வக்பு செய்த முன்னோரின் மக்கள் நாம். பின்னிரவில் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் படுத்தெழ, வளாகத்தில் இடம் கொடுப்பதற்கு எந்த மதத்தவர் என்று கேட்கத் தேவையில்லை.

நான்காவது, இது குடும்பங்களுக்கு. ஓட்டுநரின் வீட்டில் பகல்தான் இரவு. அவர் படுத்திருக்கும்போது தொலைக்காட்சியை அலறவிடுவதும், "பகல்லே என்ன தூக்கம்" என்று இடித்துரைப்பதும் அவருக்கு இழைக்கும் தீங்கு மட்டுமன்று. அன்றிரவு அவருக்கு எதிரே வரும் எல்லோருக்கும் இழைக்கும் தீங்கு. அந்த வீட்டுப் பெண்மணி குழந்தைகளை அடக்கி, வாசலில் வந்தவரை மெல்லப் பேசவைத்து, அவரை ஆறு மணி நேரம் உறங்கவைக்கிறாரே, அவர் அந்நேரம் செய்வது உயிர்காக்கும் பணி. இதை அறியாத நாம், பெண் கேட்டு வந்தால் "லாரி டிரைவரா?" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். அவன் கொண்டுவந்த அரிசியில் வலீமா விருந்து வைக்கலாம். அவன் கொண்டுவந்த பட்டை மணப்பெண்ணுக்கு உடுத்தலாம். அவனை மட்டும் மாப்பிள்ளையாக ஏற்கக் கூடாதோ?

பிறரைக் கேட்ட இந்தக் கேள்வியை என்னையும் நான் கேட்டுக்கொண்டேன். ஈராண்டுக்கு முன்னர் என் மகளின் நிக்காஹ் கோவையில் நடந்தது. இங்கே எடுத்த சேலைகளைப் பார்சலில் போட்டேன். போட்ட மாலையில் புக்கிங் எழுதிய இளைஞரிடம், "தம்பி, காலையிலே சேர்ந்துடணும், மறந்துடாதே" என்று மும்முறை சொன்னேன். நிக்காஹுக்கு அப்போது இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாள்! எதற்காக அப்படிச் சொன்னேன்? பழக்கத்தினால் சொன்னேன். அப்படிச் சொல்வது கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிச் சொன்னேன். காலையில் பார்சல் சேர்ந்துவிட்டது. எவனுடைய உறக்கத்தின்மீது அதை ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்று என் மாணவனின் கட்டிலருகே நின்றபோது அந்த மூன்று முறையும் என் செவியில் திரும்ப ஒலித்தன.

திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது "தூங்கிட்டானாம்" என்று சொல்லாதீர்கள். "அவனைத் தூங்கவிட்டார்களா?" என்று கேளுங்கள். "நஸீப்" என்று சொல்வதற்கு முன்னால், சீட்டில் நேரம் எழுதியவர் யார் என்று கேளுங்கள். ஒருவேளை விடை நம் வீட்டுக் கல்லாப்பெட்டியிலேயே கிடைக்கலாம்.

என் மாணவன் இப்போது வீட்டில் இருக்கிறான். செயற்கைக் கால் பொருத்துவதற்கு அளவெடுத்திருக்கிறார்கள். சென்ற வாரம் போயிருந்தபோது அவனுடைய தாயார் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், இப்பதான் எம்புள்ளெ ராத்திரியிலெ வீட்டிலெ தூங்குறான்." ஒரு தாய் இதைச் சொல்லி ஆறுதல் அடைய வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் நாம்.

இறைவன் நமக்கு இரவை ஆடையாகவும் உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் ஆக்கினான் என்று திருமறை கூறுகிறது. அந்த ஆடையை ஓர் ஏழையின் உடலிலிருந்து உரிந்து, நம் சரக்குக்குத் தார்ப்பாயாகப் போர்த்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை.